ஒரு விரற்கடை

முதல் நாற்காலிக்காரருக்கு வலது இடுப்பு ஒரே நாளில் தேய்ந்துவிடவில்லை. பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு, அவசரமே படாமல், நன்றாக நோகடித்துத்தான் தேய்ந்தது. கேட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "கோணலாப் படுத்துட்டேன்" என்பார். பன்னிரண்டு வருஷமாகவா ஒரு மனுஷன் கோணலாகப் படுப்பான்? அவர் மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "படுக்கையை மாத்தணுமா, இல்ல ஆளையே மாத்தணுமா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பாள்.

முடி திருத்தும் கடை அவருடையது. மூன்று நாற்காலிகள், நீளமாக ஒரே கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. வாசலை ஒட்டி, வெளிச்சம் நேராக விழுகிற இடத்தில் இருப்பதுதான் முதல் நாற்காலி. இருபத்தாறு வருஷமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் அவர் காலடியில் தரையே வழுவழுவென்று ஆகியிருந்தது. அடுத்த நாற்காலியில் நிற்பவன் அவர் மைத்துனன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வாய் பேசாதவன், வேலை தெரிந்தவன். கடைசி நாற்காலி கூட்ட நாளுக்கு.

தெருவில் அவருக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். காரணம் கிருதா. காதோரம் இறங்குகிற முடி இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிவிடலாம், சுலபம். மனுஷன் காதே ஒன்று மேலும் ஒன்று கீழுமாகத்தான் இருக்கிறது. அதை நம்பி வெட்டினால் மோசம்போக வேண்டியதுதான். அவர் காதையும் நம்ப மாட்டார், சீப்பை வைத்து அளக்கவும் மாட்டார். ஆளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்ப்பார், வெட்டிவிடுவார். நூல் பிடித்த மாதிரி இருக்கும். அளந்து வெட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "கண்ணு எதுக்கு இருக்கு, புண்ணா?" என்பார்.

இடுப்பு தேயத் தேய வலது கால் ஒரு விரற்கடை குட்டையாகிப்போனது. நிற்கும்போது ஆள் வலப்பக்கம் சாய்ந்தார். எதிர்ப்பக்கத்துச் செருப்புத் தைப்பவர் ஒருநாள் வாய்விட்டே சொன்னார்.

"அண்ணே, வலது செருப்புக்கு அடியில ஒரு தோல் வெச்சுத் தெச்சுத் தர்றேன். நேரா நிப்பீங்க."

"நொண்டின்னு ஒரு போர்டும் எழுதிக் கொடேன், கழுத்துல மாட்டிக்கறேன்" என்று வெட்டிவிட்டார் இவர். செருப்புக்காரர் அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியது வலி அல்ல. வங்கியில் காசாளராக இருக்கிற ஒருவர், பதினெட்டு வருஷத்து வாடிக்கை. அவருக்குச் சவரம் செய்துகொண்டே இவர் திரும்பியபோது இடுப்பு சுரீரென்றது, கத்தி காதுமடலைத் தொட்டுவிட்டது. ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். "பரவாயில்ல" என்றார் காசாளர். ஆனால் அடுத்த மாதம் வந்தபோது முதல் நாற்காலி காலியாக இருக்க, பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு, "தம்பி முடிக்கட்டும், அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். அந்தச் சொல் அளவுகோலுக்குள் இறங்கியது. மறுநாள் காலையில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார்.

டாக்டர் ஒரு பெண்மணி, சின்ன வயது. எக்ஸ்ரேயை விளக்கின் மேல் மாட்டினார்.

"இது பந்து மாதிரி உருண்டையா இருக்கணும். பாருங்க, பந்தா இது?"

யாரோ கடித்துவிட்டு வைத்த பழம் மாதிரி இருந்தது.

"வலி பத்துக்கு எவ்வளவு சொல்லுவீங்க?"

"கஸ்டமர் இருந்தா நாலு. இல்லாட்டி ஒம்பது."

டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "நான் மறுபடி நின்னு முடி வெட்டலாமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"மூட்டை மாத்திட்டா மூணு மாசத்துல நிக்கலாம். இடுப்பை மடக்கிக் குனியக்கூடாது, காலை ஊனிக்கிட்டு உடம்பைத் திருகக்கூடாது. இன்னொண்ணு, ரெண்டு காலும் சமமாயிடும். இந்தச் சாய்வு இருக்காது."

சமமாகிவிடும் என்ற சொல்லை வீடுவரை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே வந்தார் மனுஷன். "இனிமே எந்தப் பயலும் என்னைச் சாய்ஞ்சவன்னு சொல்ல முடியாது" என்று மனைவியிடம் சொன்னபோது கண் பளபளத்தது. பாவம்.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. எதையும் பட்டியல் போட்டு, முடிந்ததன்மேல் கோடு கிழிக்கிற கை. ஆபரேஷனுக்கும் பட்டியல் போட்டாள். எட்டுக் கிலோ குறைக்க வேண்டும், அது முதல். இரண்டாவது, பல். கடைவாயில் ஒன்று சொத்தையாக இருக்கிறது, எடுத்தால்தான் ஆபரேஷன் என்றுவிட்டார்கள். பல்லில் இருக்கிற கிருமி ரத்தத்தோடு போய்ப் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளுமாம். "இடுப்புல கோளாறு, வாயில பிடுங்கறாங்க. தலைவலின்னு போயிருந்தா எதைப் பிடுங்கியிருப்பாங்களோ" என்று வீங்கிய கன்னத்தோடு முனகினார். கட்டிலின் நான்கு காலுக்கும் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். கழிப்பறைப் பீடத்தின்மேல் உயரமான இன்னொரு பீடம் வந்தது. தடுக்கிவிடக்கூடாது என்று மிதியடிகளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். முழங்காலுக்குக் கீழே இருந்த சாமானெல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. நான்குகால் ஊன்றுகோலை முன்கூட்டியே வாங்கி, கூடத்தில் நடந்து பழகினார். அக்கம்பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் அதை அப்படியே சுவரோரம் நிறுத்திவிட்டு, துணி காயப்போட வாங்கிய மாதிரி ஒரு துண்டை அதன்மேல் போடுவார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மத்தியானம் கடைக்கு வந்தார். முதல் நாற்காலியைத் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார்.

"மாப்ள, இதுல யாரையும் உட்கார வைக்காத. மூணே மாசம். வந்துடறேன்."

"சரி மாமா."

"வாசல்ல யாராவது கேட்டா, ஊருக்குப் போயிருக்கார்னு சொல்லு."

"எல்லாருக்கும் தெரியுமே மாமா."

"தெரிஞ்சா என்ன? நீ சொல்லு."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டார்கள். ஆள் விழித்தேதான் இருந்தார். முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ரம்பம், அப்புறம் சுத்தியல். தச்சுப்பட்டறையில் கட்டிலுக்குக் கால் அடிக்கிற அதே சத்தம், அடிப்பது இவர் உடம்பில். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு மேலே நகர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த முதல் நாற்காலியை நினைத்துக்கொண்டே கிடந்தார்.

மறுநாளே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண் கண்டிப்பானவள். "படியேறும்போது நல்ல கால் முன்னால, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னால. கால் மேல கால் போடாதீங்க. பாதம் உள்பக்கம் திரும்பக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். இவருக்கு ஒன்றுதான் தோன்றியது.

"இந்தக் காலை நீளமா வெச்சுட்டாங்கம்மா."

நாடாவை எடுத்து இரண்டு காலையும் அளந்து காட்டினாள். ஒரே அளவு. "கால் சமமாத்தான் இருக்கு. உங்க உடம்புக்குத்தான் அது இன்னும் புரியல. கொஞ்ச நாள் ஆகும்" என்றாள். நாடா பொய் சொல்லுமா?

வீட்டுக்கு வந்தபின் நடந்ததையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, காலுறை மாட்ட மனைவிக்காகக் காத்திருந்தார். அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் கீழே உட்கார்ந்து ரத்தம் கட்டாமலிருக்கக் கொடுத்த அந்த இறுக்கமான காலுறையை இழுத்து இழுத்து மாட்டுவாள்; இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே விழுந்த பேனாவை எடுக்க முடியாது. இரண்டு தொடைக்கும் நடுவே தலையணை வைத்துத்தான் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். பயிற்சியைப் பத்துத் தடவை செய்யச் சொன்னால் பதினைந்து செய்தார். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம், ஒரு நாள்கூடக் கூடக்கூடாது.

மைத்துனன் ஆரம்பத்தில் தினமும் கடையைப் பூட்டியதும் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, இன்னார் வந்தார், இன்னார் விசாரித்தார் என்று ஒப்பிப்பான். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் இழுத்தாற்போல் சொன்னான்.

"மாமா, முதல் நாற்காலித் துணியை எடுத்துட்டேன். வெளிச்சம் வீணாப் போகுது. நீங்க வந்ததும் என் இடத்துக்குப் போயிடுவேன்."

"அதனால என்ன மாப்ள" என்றார் இவர். அன்று ராச்சோறு இறங்கவில்லை. மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இவருக்கு அந்தத் தயவுதான் நெஞ்சில் அடைத்தது. மனைவியிடம் சொல்ல முடியாது. சொன்னால், "என் தம்பி என்ன நாற்காலியை வீட்டுக்கா தூக்கிட்டுப் போனான்?" என்பாள். நியாயமும் அதுதான்.

பார்க்க வந்தவர்களையெல்லாம் சன்னல் பக்கம் உட்காரச் சொன்னார். நலம் விசாரிக்க வந்தவர்கள் இவர் பாசத்தைக் கண்டு உருகினார்கள். பாசமாவது ஒன்றாவது! வெளிச்சத்தில் அவர்கள் கிருதாவைப் பார்ப்பதற்காக. அங்கே வந்தது சிக்கல். ஒவ்வொருத்தருக்கும் வலது பக்கம் மேலே ஏறி நின்றது இவர் கண்ணுக்கு. காசாளர் பழத்தோடு வந்தபோது, "கொஞ்சம் நேராப் பாருங்க" என்று சொல்லி நன்றாகவே பார்த்துக்கொண்டார். கோணல்தான். அவர் போனதும் மனைவியைக் கூப்பிட்டு, "உன் தம்பிக்கு இன்னும் கை படியல" என்றார். மூன்று மாதத்தில் அவர் சந்தோஷமாக இருந்த நாள் அது.

மூன்று மாதமும் ஆறு நாளும் ஆன அன்று கடைக்குப் போனார். கைத்தடியை வாசலுக்கு வெளியிலேயே சாத்திவிட்டு உள்ளே வந்தார். மைத்துனன் சொன்ன சொல் தவறவில்லை. தன் சாமானை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய்விட்டிருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள், "அளவுகோல் வந்தாச்சு!" என்று கைதட்டினார்கள். முதல் ஆளுக்குத் துணி போர்த்திவிட்டு நின்றார். வலிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து, வலியே இல்லாமல், நேராக நின்றார். அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துகிற மாதிரி பாவனை செய்து சமாளித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் ராஜ்யம்தான். ஒன்று மட்டும் புதிது. இவர் வேலையை முடித்து ஆளை எழுப்பியதும், மைத்துனன், "ஒரு நிமிஷம் சார், கழுத்துல முடி ஒட்டியிருக்கு" என்று கடைசி நாற்காலிக்குக் கூட்டிக்கொண்டு போய் உதறிவிட்டு அனுப்புவான். பரவாயில்லையே, தொழிலில் மரியாதை கற்றுக்கொண்டானே என்று இவருக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போனவர், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினார். கடைசி நாற்காலியில் காசாளர். சற்றுமுன் இவர் வெட்டி அனுப்பிய தலை. மைத்துனன் மெஷினை வைத்து வலது கிருதாவை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் தம்பி" என்று காசாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அவர் வந்துடப்போறார். மனசு கஷ்டப்படும்."

அளவுகோல் வாசலிலேயே நின்றார். காசாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காசாளர் எழுந்து போனபிறகுதான் இவர் உள்ளே வந்தார்.

"எத்தனை நாளா?"

"மாமா, அது வந்து..."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"நீங்க வந்த முதல் நாள்லேர்ந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

பெஞ்சில் இருந்த இருவரும் ஒரே பத்திரிகையை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"கண்ணாடி கோணல்" என்றார் இவர். "நான் இல்லாதப்ப யாரோ கண்ணாடியை அசைச்சிருக்கீங்க. கூப்பிடு ஆளை."

கண்ணாடி பொருத்துகிறவர் ரசமட்டத்தோடு வந்தார். மேல் விளிம்பில் வைத்தார், கீழ் விளிம்பில் வைத்தார். இரண்டு தடவையும் குமிழி நட்டநடுவில் போய் நின்றது. "மட்டமாத்தாண்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே தரையிலும் ஒரு தடவை வைத்துப் பார்த்தார். தரையும் மட்டம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழியைப் பெஞ்சில் இருந்த யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உன் தம்பி சொன்னானா?"

"அவன் எங்க வாயைத் திறக்கிறான்? போன வாரம் நீங்கதானே எனக்கு நெத்தி முடியை வெட்டிவிட்டீங்க? பள்ளிக்கூடத்துல ஒவ்வொருத்தரும் தலையைச் சாய்ச்சுக்கிட்டே என்னோட பேசினாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு மாசம் காலுறை மாட்டிவிட்டேன். அப்ப உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னொரு தடவை அந்த மூஞ்சியைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

பயிற்சிக்காரப் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவள் விளக்கினாள். "பன்னிரண்டு வருஷம் சாய்ஞ்சு நின்னே பார்த்த கண்ணு. சாய்வைக் கழிச்சுப் பார்க்கப் பழகியிருக்கு. இப்ப சாய்வு போயிடுச்சு, கழிக்கிறது போகல. தானாச் சரியாகும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் சீப்பைக் குறுக்கே வெச்சு அளந்து வெட்டுங்களேன்."

"அளந்தா? நானா?" என்று எழுந்துவிட்டார்.

அளக்கமாட்டார், காத்திருக்கவும் மாட்டார். அந்த வயிற்றெரிச்சலில்தான் புத்தி குறுக்கே ஓடியது. பெஞ்சில் கிடந்த பழைய பத்திரிகைகளை எடுத்து, ஒரு விரற்கடை உயரத்துக்கு அடுக்கி, நாடாவால் இறுக்கிக் கட்டினார். அதை இடது காலுக்கு அடியில் போட்டுக்கொண்டு நின்றார். உடம்பு பழையபடி வலப்பக்கம் சாய்ந்தது. கண்ணாடியில் ஒரே தடவை பார்த்தார், வெட்டினார். மைத்துனன் சீப்பைக் குறுக்கே பிடித்துப் பார்த்தான். மயிரிழை பிசகவில்லை.

எப்படி இருக்கிறது கதை! பல்லைப் பிடுங்கி, எலும்பை அறுத்து, சுத்தியலால் அடித்து, மூன்று மாதம் கிடையாகக் கிடந்து சமமாக்கிய காலை, பழைய பத்திரிகையைப் போட்டுக் கோணலாக்கிக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இல்லை. "யானை படுத்தாலும் குதிரை மட்டம்டா மாப்ள" என்று சிரித்தார்.

"அதைச் செருப்புக்கு அடியிலயே ஒட்டிடலாமே மாமா" என்றான் மைத்துனன். "நாற்காலியைச் சுத்தி வர்றப்பல்லாம் தள்ள வேண்டாம்."

"ஒட்டினா தெருவுல போறவன் பார்ப்பான். இது ஆளுக்குப் போர்த்தற துணி மறைவுல இருக்கு, யாருக்குத் தெரியும்?"

எட்டு நாள் தள்ளித் தள்ளி ஓட்டினார். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, பெஞ்சு நிறைய ஆள். கட்டு வழுக்கி நாற்காலியின் கால்மிதிக்கு அடியில் போய்ச் சொருகிக்கொண்டது. காலால் இழுத்தார், வரவில்லை. மைத்துனனைக் கூப்பிட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலது காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி, கையை நீட்டிக் குனிந்தார். குனியக்கூடாது, திருகக்கூடாது என்று எத்தனை வாய் சொன்னது! உள்ளே டொக்கென்றது. அந்தச் சத்தம் கடைசி நாற்காலிவரை கேட்டது என்று அப்புறம் சொன்னார்கள். தரையில் கிடந்தவரின் வலது கால் யாருடைய காலோ போல உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. பத்திரிகைக் கட்டைக் கையில் பிடித்தபடிதான் கிடந்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

மயக்கம் கொடுத்து மூட்டை இழுத்து உள்ளே தள்ளினார்கள். "என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார்; மைத்துனன்தான் சொன்னான். டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஒரு தடவை கழண்ட மூட்டு மறுபடி கழலும். நின்னுக்கிட்டு, சுத்திச் சுத்திச் செய்யற வேலை இனி வேண்டாம். அடுத்த தடவைன்னா திறந்துதான் ஆகணும்."

"கண்ணு சரியாயிடும்னாங்களே."

"அது ஆயிடும்" என்றார் டாக்டர். "இடுப்பு தாங்காதுங்க."

மறுபடி செங்கல் வைத்த கட்டில், மறுபடி காலுறை. இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை வேறு. படுத்திருந்த அந்த நாட்களில் மைத்துனன் வீட்டுக்கே வந்து அவருக்கு முடி வெட்டிவிட்டான். கைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வலது பக்கம் ஏறியிருக்கு" என்று கத்தினார். அவன் சரிசெய்தான். "இன்னும் இருக்கு." மூன்று தடவை வெட்டவைத்தார். மனைவி சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனதும், பத்து நாள் வாசல் பக்கம் போகாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். அத்தனை கோணல்.

அதற்கப்புறம் அவர் யாரையும் தலையைத் தொடவிடவில்லை. மாதம் ஏழு ஓடிவிட்டது. தினமும் தெருக்கோடிவரை கைத்தடியோடு நடந்துவிட்டு வருவார், கடை இருக்கிற பக்கம் திரும்பமாட்டார். முடி காதை மூடி, கழுத்தில் இறங்கி, சட்டைக்குள் போனது. "உலகத்துல முடி வெட்டிக்காத முடிதிருத்துறவர் நீங்க ஒருத்தர்தான்" என்று மனைவி கடைசியில் வெடித்தாள். "தம்பி தினமும் கேக்கறான். நாளைக்கு வர்றீங்கன்னு சொல்லிட்டேன்."

போனார். முதல் நாற்காலியில் மைத்துனன் நின்றான்; இரண்டாவதில் வேறு கடையிலிருந்து வந்துசேர்ந்த ஒருத்தர். பெஞ்சில் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். காசாளர் எழுந்தே நின்றுவிட்டார். மைத்துனன் முதல் நாற்காலியை நன்றாக உயர்த்தி, "உட்காருங்க மாமா" என்றான். கடை தொடங்கிய நாளிலிருந்து அவர் அதில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். துணி கழுத்தைச் சுற்றியது.

அரைமணி நேரம் கத்தரிச் சத்தம் மட்டும்தான். மைத்துனன் கடைசியாகக் கிருதாவுக்கு வந்தான். இடது பக்கம் வெட்டினான். வலது பக்கம் வந்து, கொஞ்சம் தயங்கி, வெட்டினான். பிறகு விலகி, முதுகைக் காட்டிக்கொண்டு கத்தரியைத் துடைத்தான்.

அளவுகோல் கண்ணாடியைப் பார்த்தார், ஒரே ஒரு தடவை. வலது பக்கம் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

துணிக்கு அடியிலிருந்து கையை நீட்டி மேசைமேல் இருந்த நீளச் சீப்பை எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சீப்பைக் குறுக்கே பிடித்து அளந்தார். சீப்பும் அதையேதான் சொன்னது. வலது பக்கம் கீழே. அவர் கண் பொய் சொல்லவில்லை. பயிற்சிக்காரப் பெண் சொன்ன மாதிரி, எந்த நாளில் என்று தெரியாமலே, கண் நேராகிவிட்டிருந்தது.

"இப்ப நேரா தெரியுதா மாமா?" என்றான் மைத்துனன், திரும்பி, பயந்தபடி. "உங்க கண்ணுக்கு எப்படி இருந்தா சரியா இருக்கும்னு நினைச்சு வெட்டியிருக்கேன்."

பெஞ்சில் ஒருத்தரும் நிமிரவில்லை. அவர்கள் எல்லாருக்கும் அந்தக் கோணல் தெரிந்தது. அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கண் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் கைதட்டுவார்கள். அப்புறம்? இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பது? சீப்பை மெதுவாக மேசைமேல் திருப்பி வைத்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு மாப்ள" என்றார். "துணியை எடு. அடுத்த ஆளைக் கூப்பிடு."